முன் சைட்டுக்கு வண்ணம் பூசும்போது

ஹூஸ்டனில் பழைய துப்பாக்கிகள் விற்கும் கடை ஒன்றில் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர் வாங்கினேன். 1899-இல் அறிமுகமான துப்பாக்கி. மாடல் 10 என்ற பெயர் 1957-இல்தான் வந்தது. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் இடுப்பில் சுமந்தது இதைத்தான். நான்கு அங்குலக் குழல், ஆறு தோட்டா. தோலுறையில் உரசி உரசிக் கருநீல மெருகு வெளுத்திருந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

முன் சைட்தான் தொல்லை கொடுத்தது. முன்பு வைத்திருந்தவர் அதில் சிவப்பு நகப்பூச்சு தடவியிருந்தார். மேல் விளிம்பில் அது பெயர்ந்து, கீழே மட்டும் திட்டாக நின்றது. ரேஞ்சில் 15 கெஜ தூரத்தில் சுட்டபோது குண்டுகளெல்லாம் நடுவட்டத்துக்கு மேலேயே போய்த் தைத்தன. கை நடுங்குகிறது என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன். காரணம் அந்தத் திட்டு. கண் எப்போதும் நிறத்தைத்தான் பிடிக்கும். திட்டின் உச்சியைப் பின் சைட்டின் பள்ளத்தோடு சமன் செய்தால், உண்மையான இரும்பு உச்சி அதற்கு மேலே எழும்பி நிற்கும். குழலும் அந்த அளவுக்கு நிமிரும். இந்த ரிவால்வரில் இரண்டு சைட்டுக்கும் நடுவே ஆறு அங்குலம்கூட இல்லை. அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 15 கெஜத்தில் ஏறக்குறைய நான்கு அங்குலம் தள்ளிப்போகும்.

மாடல் 10-இல் முன் சைட் குழலோடு ஒட்டியது, பின் சைட் சட்டத்தில் வெட்டிய பள்ளம். கழற்றி வேறு மாட்ட வழியில்லை. வண்ணம்தான் பூசியாக வேண்டும்.

முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்த பிறகே மேசையில் உட்காருங்கள். இதில் சலுகையே கிடையாது.

பழைய பூச்சை எடுக்க அசிட்டோன் போதும். கருநீல மெருகை அது ஒன்றும் செய்யாது. ஆனால் மரப்பிடியின் வார்னிஷைக் கரைத்துவிடும், அதனால் பிடியைக் கழற்றிவிடுங்கள். சைட்டின் சரிவில் மயிரிழைபோலக் குறுக்குக் கோடுகள் வெட்டியிருக்கும். அவற்றுக்குள் சிவப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இறுகிக் கிடந்தன. பல்குத்தியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு கோடாக இழுத்து எடுத்தேன். வெள்ளைப் பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை துடைக்க வேண்டும். எண்ணெய் துளி மிஞ்சினாலும் பூச்சு நிற்காது.

நான் செய்த தவறு, ஒளிரும் ஆரஞ்சை நேராக இரும்பின்மேல் பூசியது. செங்கல் நிறத்தில் மங்கிப்போனது. இந்த ஒளிரும் வண்ணங்கள் ஊடுருவக்கூடியவை. அடியில் இருக்கும் கருமையைக் காட்டிவிடும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பொம்மை விமானங்களுக்குப் பூசும் வெள்ளை எனாமலை அடிப்பூச்சாகக் கொடுத்து ஒரு நாள் காயவிட்டேன். அதன்மேல் ஆரஞ்சு, மெல்லிசாக மூன்று கை. இந்த முறை பளிச்சென்று எரிந்தது. குழல்முனையைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் சரிவு மட்டமாகும், பூச்சு வழியாது.

மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் ஒட்டியதை ஈரம் காயுமுன் வழித்தெடுங்கள். உச்சியில் பூச்சு ஏறினால் சைட்டின் உயரம் மாறும். பக்கத்தில் ஏறினால் பள்ளத்தின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்று குறுகும். சரிவிலோ உச்சிவரை பூச்சு நிரம்ப வேண்டும். பாதியில் நின்றால் பழைய திட்டின் கதைதான்.

பின் சைட்டுக்கும் சேர்த்துப் பூசச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். நான் பூசவில்லை, பூசவும் சொல்ல மாட்டேன். சுடும்போது பார்வை முன் சைட்டில்தான் நிலைக்க வேண்டும். பின் சைட்டும் இலக்கும் மங்கித்தான் தெரியும். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்த ஒற்றை ஆரஞ்சு பெரிய உதவி. பின்னாலும் நிறம் இருந்தால் கண் அலையும். தாளில் புள்ளி எடுக்கும் இலக்குப் போட்டிக்காரர்களுக்கு மட்டும் முன்னும் பின்னும் கறுப்புதான் நல்லது.

பழைய கைத்துப்பாக்கி சிலவற்றின் சைட்டில் பச்சையாக ஒளிரும் சிறு புள்ளிகள் இருக்கும். அவை டிரிடியம் வாயு அடைத்த குழாய்கள். ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒளி பாதியாகும். மங்கிவிட்டதே என்று அதைக் குடையாதீர்கள்; சைட்டையே மாற்றிவிடுங்கள்.

பூச்சு இறுக ஒரு வாரம் விடுங்கள். அதன்பின் துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது, கரைப்பான் நனைந்த துணி முன் சைட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனாமலை அது இளக்கிவிடும். என் ஆரஞ்சு மூன்று வருடம் தாங்கியது. போன மாதம் மறுபடி பூசினேன், அரை மணி நேர வேலை.