சட்டசபையில் நம் நிலம்: மசோதாக்களைப் பின்தொடர்வது எப்படி?



மழை வருமா என்று பார்க்காமல் மல்லாட்டை பிடுங்குகிறவர் நம்ம பக்கம் யாரும் இல்லை. கமிட்டியில் மூட்டை என்ன விலை போகுது என்று விசாரிக்காமல் வண்டி ஏற்றுகிறவரும் இல்லை. ஆனால் நம் ஏரியைப் பற்றியும், வரத்து வாய்க்காலைப் பற்றியும், பட்டா நிலத்தைப் பற்றியும் சென்னைக் கோட்டையில் என்ன மசோதா வருது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? சட்டம் ஆகி, ஊருக்குள் அளவுக்கல் நட ஆள் வந்த பிறகுதான் கேட்கிறோம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

நான் வல்லம் ஒன்றியத்தில் நெல்லும் மல்லாட்டையும் உளுந்தும் போடுகிற விவசாயி. எங்கள் உழவர் குழுவில் வரவு செலவு நோட்டு, விதை நோட்டு இருப்பதுபோல சட்டசபை நோட்டு என்று ஒன்றும் வைத்திருக்கிறோம். அதை எப்படி எழுதுவது, எதைப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். வக்கீல் படிப்பு வேண்டாம். தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும்.

மாநில சட்டசபை ஏன் முக்கியம்?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் யார் எதைப் பற்றிச் சட்டம் போடலாம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மாநிலப் பட்டியலில் 14ஆவது இனம் வேளாண்மை, 17ஆவது நீர், 18ஆவது நிலம். ஆக, ஒரு உழவன் கையில் இருக்கிற மூன்றும் முதலில் மாநில சட்டசபைக்குக் கீழேதான் வருகிறது. காடு 1976இல் வந்த 42ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. டெல்லியில் நடப்பது பேப்பரில் பெரிதாக வரும். கோட்டையில் நடப்பது உள்பக்கத்தில் நாலு வரியாக வரும். நமக்கு அந்த நாலு வரிதான் முக்கியம்.

இயற்கை விவசாயிகளுக்கு இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. 2009இல் தமிழ்நாடு மாநில வேளாண்மை மன்றச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. வேளாண் பட்டம் படித்து, அந்த மன்றத்தில் பதிவு செய்தவர்தான் விவசாய ஆலோசனை சொல்லலாம், மற்றவர் சொன்னால் தண்டனை என்பது அதன் சாரம். யோசித்துப் பாருங்க. பஞ்சகவ்யம் எப்படிக் கலக்கணும் என்று பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொல்வதே குற்றம் ஆகியிருக்கும். நம்மாழ்வார் ஐயாவும் இயற்கை உழவர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அரசு பின்வாங்கியது, சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் எதிர்ப்பு கிளம்பியது சட்டம் நிறைவேறிய பிறகு. மசோதாவாக இருக்கும்போதே தெரிந்திருந்தால் அத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

ஒரே நாள், இரண்டு மசோதா

2023 ஏப்ரல் 21. அந்தக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்றைக்கு நிறைவேறியவற்றில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

ஒன்று, தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. ஏப்ரல் 12ஆம் தேதியே சபையில் வைத்துவிட்டார்கள். தொழிற்சங்கங்களுக்கு ஒன்பது நாள் கிடைத்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. ஏப்ரல் 24ஆம் தேதி அரசு அதை நிறுத்தி வைத்தது. மே 1ஆம் தேதி திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இன்னொன்று, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. 100 ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது 247 ஏக்கர் அளவுள்ள, நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ உள்ளே வருகிற இடத்தில் பெரிய திட்டம் கொண்டுவர வழி செய்வது. நீர்நிலையைக் காப்பாற்றத்தான் இது என்பது அரசு சொன்ன காரணம். ஏரியையும் வாய்க்காலையும் திட்டக்காரர் கையில் கொடுக்கிற வழி இது என்பது உழவர் அமைப்புகளும் சூழல் அமைப்புகளும் சொன்ன பதில். இதை அன்றே சபையில் வைத்து, விவாதம் இல்லாமல் அன்றே நிறைவேற்றினார்கள். பிறகு எதிர்ப்பு வந்தது. ஆனால் மசோதா ஆளுநர் ஒப்புதலும் பெற்று அரசிதழில் சட்டமாக வந்துவிட்டது.

தொழிலாளி பலசாலி, உழவன் நோஞ்சான் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த நாட்களில் மசோதாவைப் படிக்க சங்கத்தில் ஆள் இருந்தது. நமக்கு ஒரு நாள்கூட இல்லை, படிக்க ஆளும் இல்லை. நாள் கிடைப்பது நம் கையில் இல்லைதான். ஆள் வைப்பது நம் கையில் இருக்கிறது.

மசோதா போகிற பாதை

கோட்டையில் மசோதாவை ‘சட்டமுன்வடிவு’ என்று எழுதுவார்கள். தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்க. ஒவ்வொன்றுக்கும் எண்ணும் ஆண்டும் உண்டு. வாட்ஸப்பில் ‘புதுச் சட்டம் வருது, நிலம் போச்சு’ என்று யாராவது அனுப்பினால், முதலில் எண் என்ன என்று கேளுங்க. எண் இல்லாத சேதியை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

துறை அமைச்சர் மசோதாவை அறிமுகம் செய்வார். பிறகு ஆய்வுக்கு எடுத்துக்கொள்வார்கள். பிரிவு பிரிவாக ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றுவார்கள். தமிழ்நாட்டில் மேலவை 1986இலேயே கலைக்கப்பட்டது. அதனால் இன்னொரு அவையில் நிறுத்திக் கேட்கிற வாய்ப்பு இல்லை. விரிவாகப் பார்க்கணும் என்றால் தெரிவுக் குழுவுக்கு அனுப்பலாம். ஆனால் கேட்டாலும் கிடைப்பது அரிது. 2020 பிப்ரவரி 20இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மசோதா வந்தபோது அன்றைய எதிர்க்கட்சி தெரிவுக் குழு கேட்டது, கிடைக்கவில்லை, வெளிநடப்பு செய்தது. மசோதா அன்றே நிறைவேறியது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த அவசரம் ஒன்றுதான்.

பேரவையைத் தாண்டினால் ஆளுநர். அவர் ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைக்கலாம். ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் 2019 பிப்ரவரியில் பேரவையில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது அக்டோபர் கடைசியில். நடுவே எட்டு மாதம். இப்படி இடைவெளி கிடைத்தால் அது நமக்குப் பேசக் கிடைத்த காலம். மசோதா நிறைவேறியாச்சு, இனி ஒன்றும் ஆகாது என்று உட்காரக் கூடாது.

மசோதாவில் எங்கே படிக்கணும்?

முழுதும் படித்தால் நல்லது. நேரம் இல்லாவிட்டால் இந்த ஐந்து இடத்தையாவது படிங்க.

1. முதல் பிரிவு. சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும் என்று அதில்தான் இருக்கும். ‘அரசு அறிவிக்கிற தேதியில்’ என்று இருந்தால், அந்த அறிவிப்பு வரும்வரை அது காகிதம்தான். தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் 2003இல் நிறைவேறியது. பத்து வருஷம் நடைமுறைக்கே வராமல் கிடந்து 2013இல் நீக்கப்பட்டது. அந்தப் பத்து வருஷத்தில் நம்ம பக்கம் போர்வெல் எத்தனை அடி கீழே போனது என்று உங்களுக்கே தெரியும். இதற்கு நேர் எதிரும் உண்டு. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் நில எடுப்பு ஏற்பாடுகளைச் செல்லாது என்றது. அதே மாதம் அவற்றுக்கு உயிர் கொடுக்க ஒரு மசோதா வந்தது. அது 2013 செப்டம்பர் 26 முதலே நடைமுறையில் இருந்ததாகக் கருதப்படும் என்று எழுதினார்கள். 2021இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்று சொன்னது. ஒரு தேதியில் ஆறு வருஷம் பின்னால் போக முடிகிறது பாருங்க.

2. வரையறைப் பிரிவு. ‘திட்டம்’, ‘நிலம்’, ‘நீர்நிலை’ என்றால் என்ன என்று இங்கே சொல்வார்கள். பேச்சு வழக்கில் நாம் நினைக்கிற பொருளும் இங்கே எழுதியிருக்கிற பொருளும் ஒன்றா என்று பாருங்க. நம் தாங்கலும் குட்டையும் அதற்குள் வருகிறதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

3. அட்டவணை. கடைசிப் பக்கத்தில் இருக்கும், பலர் புரட்ட மாட்டார்கள். வேளாண் மண்டலச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதில் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் இல்லை. வல்லமும் இல்லை, மரக்காணமும் இல்லை. ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக 2019 ஜூனில் மனிதச் சங்கிலி தொடங்கிய ஊர் மரக்காணம். கை கோத்து நின்ற ஊர் பட்டியலில் இல்லை. ‘தமிழ்நாட்டில் ஹைட்ரோகார்பனுக்குத் தடை வந்துடுச்சு’ என்று நம்ம பக்கம் இன்னும் சிலர் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். இன்னொரு சேதி: நாகையிலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு, அந்தப் பெயரைச் சேர்க்க 2023இல் தனியாகத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அட்டவணையில் ஒரு ஊர்ப்பெயருக்கு அவ்வளவு பலம்.

4. விலக்குப் பிரிவு. ‘ஏற்கெனவே நடந்துவரும் பணிகளுக்குப் பொருந்தாது’ என்கிற மாதிரி ஒரு வரி எங்கேயாவது இருக்கும். வேளாண் மண்டலச் சட்டத்திலும் அப்படி உண்டு. வரப்பில் நண்டு வளை மாதிரிதான் இது. சின்ன ஓட்டை, தண்ணீர் முழுக்க அதில் போகும்.

5. விதி செய்யும் அதிகாரம். ‘விதிகளில் வகுக்கப்பட்டவாறு’ என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்க. அத்தனையும் சபைக்கு வெளியே, துறை அலுவலகத்தில் எழுதப்படும். விதி அரசிதழில் வரும்வரை நோட்டில் அந்தச் சட்டத்தை மூடக் கூடாது.

மசோதாவோடு ‘நோக்கக் காரண விளக்கம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கொண்டு வந்தவரின் ஆசையை அதில் படிக்கலாம். ஆனால் நாளைக்கு நம்மைக் கட்டுவது பிரிவுகள்தான்.

நோட்டு எழுதும் முறை

பெரிய கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்க. ஒரு மசோதாவுக்கு ஒரு பக்கம். மசோதா எண், அறிமுகமான தேதி, நிறைவேறிய தேதி, ஒப்புதல் தேதி, சட்ட எண், நடைமுறைக்கு வந்த தேதி, விதி வந்த தேதி என்று ஏழு கட்டம் போடுங்க. கீழே, நம் ஒன்றியத்துக்கு இதில் என்ன என்று இரண்டு வரி. எந்தக் கட்டம் காலியோ அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

தகவல் எங்கே கிடைக்கும்? பேரவையின் இணையதளத்தில் மசோதாக்கள் இருக்கும். தமிழ்நாடு அரசிதழில் பகுதி 4, பிரிவு 1 மசோதாக்களுக்கு, பிரிவு 2 சட்டங்களுக்கும் அவசரச் சட்டங்களுக்கும். எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் அரசிதழைப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, ‘இன்ன சட்டத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டதா, நகல் தருக’ என்று கேளுங்க. 30 நாளில் பதில் தரணும்.

கூட்டத்தொடர் நடக்கும்போது தினம் பார்க்கணும். குறிப்பாகக் கடைசி மூன்று நாள். மானியக் கோரிக்கை எல்லாம் முடிந்து, மசோதாக்கள் கொத்துக் கொத்தாக நிறைவேறும் நேரம் அது. எங்கள் குழுவில் இந்த வேலையை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். ஒருத்தர் நாற்று நடவில் இருந்தால் மற்றவர் பார்ப்பார். போன் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023இல் வந்த தமிழ்நாடு அங்கக வேளாண்மைக் கொள்கை, கொள்கைதான், சட்டம் இல்லை. மீறினால் வழக்குப் போட முடியாது. பேரவைத் தீர்மானமும் சட்டம் இல்லை. ஆனாலும் வீண் இல்லை. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 டிசம்பர் 9இல் பேரவை தீர்மானம் போட்டது. மக்களும் விடாமல் நின்றார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

பார்த்தாச்சு, அடுத்து என்ன?

சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்க. ‘இந்தச் சட்டம் உழவர் விரோதம்’ என்று மட்டும் எழுதினால் அவர் படித்துவிட்டு வைத்துவிடுவார். ‘இன்ன எண் மசோதாவில் இன்ன பிரிவில் இந்தச் சொல்லை நீக்கக் கேளுங்கள்’ என்று எழுதினால் சபையில் அவர் கையில் ஒரு பேச்சு கிடைக்கும். ஒன்றிய எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றல்ல. உங்கள் ஊர் எந்தத் தொகுதி என்று பார்த்து அனுப்புங்க. எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும்.

கிராமசபை வருஷத்தில் ஆறு தடவை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம். பட்ஜெட் கூட்டத்தொடர் நடக்கிற காலத்தை ஒட்டி வருவதால் நமக்கு வசதி. ஏரியின் பெயர், சர்வே எண், வரத்து வாய்க்காலின் நீளம் எல்லாம் குறித்துத் தீர்மானம் போட்டு வையுங்க. நாளைக்கு எந்தச் சட்டத்தின் கீழ் யார் ஆட்சேபணை கேட்டாலும், முதலில் நீட்ட ஒரு காகிதம் ஊரில் இருக்கும்.

எங்கள் நோட்டில் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தின் பக்கமும் வேளாண் மண்டலச் சட்டத்தின் பக்கமும் இன்னும் திறந்தேதான் இருக்கின்றன. முதலாவதில் நம் ஏரிகள் சிக்காமல் பார்க்கணும். இரண்டாவதன் அட்டவணையில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்க்கக் கேட்கணும். அடுத்த கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன் உங்கள் குழுவிலும் இரண்டு பேரை இந்த வேலைக்குப் பெயர் குறித்துவிடுங்க.