நுணலும் மழைக்குட்டையும்

தூத்துக்குடிக் கடற்கரை என்றவுடன் உப்பளமும் முத்துக் குளிப்பும் நம் நினைவிற்கு வரும். முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. உப்பளங்களுக்கு அப்பால் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகள் பரந்து கிடக்கின்றன. இத்தகைய மணற்பாங்கான நிலத்தில் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும் தவளை இனங்கள் உண்டு. மணலில் மறைந்திருக்கும் நுணல், குரல் கொடுத்து அகப்பட்டுக்கொள்வதைப் பழமொழி நானூறு உவமையாக்கியுள்ளது.

அறிவியலார் குறுவாய்த் தவளை எனக் கூறும் குடும்பத்தில் பலூன் தவளை ஒன்று. 1799-இல் ஜெர்மன் அறிஞர் ஷ்னைடர் இதனை விவரித்தார். தென்னிந்தியச் சமவெளிகளிலும் இலங்கையிலும் இது வாழ்கிறது. நீளம் ஏறத்தாழ 6 செ.மீ.; உருண்ட உடல், சிறிய வாய். பின்னங்கால்களில் மண்வெட்டி போன்ற தடிப்பு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளிப் பின்புறமாகவே புதைந்துவிடும். இதன் உணவு பெரும்பாலும் கறையானும் எறும்பும். தென்னங்கன்றைக் கறையானுக்குப் பறிகொடுத்த உழவர்க்கு இதன் அருமை தெரியும். எனினும் இது கறையானை அறவே ஒழித்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை.

மழை பெய்ததும் இது வெளிவந்து, தேங்கிய நன்னீரில் முட்டையிடும். முட்டைகள் நீர்மேல் ஏடுபோல் மிதக்கும். உப்பளத்து நீர் இதற்கு ஆகாது. மீன் நிறைந்த குளத்தில் முட்டையும் தலைப்பிரட்டையும் தப்புவது அரிது. ஆதலால் சில வாரங்கள் நீர் நின்று, பின் வற்றிவிடும் சிறு குட்டையே இதற்கு ஏற்ற இடம். கோடையில் வறண்டு கிடப்பதுதான் அக்குட்டையின் சிறப்பு. மீன் அங்கே நிலைத்து வாழ இயலாதன்றோ! நாமோ அதனைப் பயனற்ற பள்ளம் என்றெண்ணி மண்ணிட்டு மூடுகிறோம், அல்லது குப்பை கொட்டுகிறோம்.

கொசு பெருகுமே என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. வீடுகளை ஒட்டிய தேக்கத்தையும் சாக்கடை நீரையும் அகற்றத்தான் வேண்டும். ஊருக்கு வெளியே புறம்போக்கிலுள்ள மழைக்குட்டைகளை மட்டும் விட்டுவைக்கலாம். அவற்றில் கம்பூசியா மீனை விடலாகாது. கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் அது தின்றுவிடும். பூச்சிமருந்து தெளிப்பானையும் அங்கே கழுவக் கூடாது.

எந்தக் குட்டையை விட்டுவைப்பது என்பதை ஐப்பசி மழையின்போதே முடிவு செய்தல் நன்று. நல்ல மழை பெய்த இரவில் இரண்டொருவர் விளக்கோடு சென்று, தவளைக் குரல் மிகுந்து கேட்கும் இடங்களை ஊர் வரைபடத்தில் குறித்துக்கொண்டால், கோடைப் பணிகளுக்குத் திட்டமிடும்போது அவ்விடங்களை ஒதுக்கிவிடலாம்.