தொட்டியில் ஒருங்கே வாழத்தக்க சிறு மீன்கள்

சென்னையின் மேற்புறத்திலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளுக்கு வர்ண மீன் வியாபாரத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூர் சமீபத்திலுள்ளது. ஆயினும் கண்ணைக் கவரும் மீன்களையெல்லாம் ஒரே தொட்டியில் விடுதல் நஷ்டத்திற்கே வழியாகும். ஜலத்தின் தன்மையையும் மீனின் சுபாவத்தையும் முதலில் ஆராய்தல் வேண்டும்.

சோப்பு எளிதில் நுரைக்காத ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தில் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை செழிக்கும். நியான் டெட்ராவுக்கு அது ஏற்றதன்று. மென்மையான ஜலமே உகந்தது. நம் தேசத்து மீனாகிய ஜீப்ரா டேனியோ இருவகை ஜலத்தையும் தாங்கும். ஆறேனும் கூட்டமாயிருத்தல் அவசியம். டைகர் பார்ப் என்னும் மீன், நீண்ட துடுப்புடையவற்றைக் கடித்துத் துன்புறுத்தும். ஆண் சண்டை மீனைத் தனியே வைத்தலே உத்தமம்.

60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், அவ்வளவே உயரமுமுள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதில் முதலில் ஆறு ஜீப்ராக்களை மட்டும் விடுக. மீன்களின் கழிவிலுண்டாகும் அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக ஒரு மாதமேனும் ஆகும். அதன்பின் மற்றவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

மிகுந்த மீன்களை அம்பத்தூர் ஏரியிலோ வேறு நீர்நிலையிலோ விடலாகாது. அந்நிய மீன்கள் பெருகின் நம் ஏரி மீன்களுக்கு இரையும் இடமும் குன்றும். அவற்றைக் கடைக்காரரிடமோ, மீன் வளர்க்கும் அயலாரிடமோ ஒப்படைத்தலே முறையாகும்.