பம்பு மோட்டார் ஸ்டார்ட்டரில் குறிப்புக் கம்பிகளை இணைக்கும் முறை

நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் வருஷத்தில் இயங்கத் தொடங்கியபின், கோயம்புத்தூர்ச் சீமையின் கிணறுகளுக்கு மின்சாரம் வரலாயிற்று. இக்காலத்தில் மின்சார மோட்டார் இல்லாத இறவைக் கிணற்றைக் காண்பது அரிது. மோட்டாரின் சுருள் கருகிவிட்டால், காயில் கட்டும் கூலியோடு, நீர் வேண்டிய தருணத்தில் பயிர் வாடும் நஷ்டமும் மிராசுதாரரைச் சேருகிறது. இந்நஷ்டம் பலவிடங்களில் ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்குள் குறிப்புக் கம்பிகளைத் தவறாக இணைப்பதால் நேரிடுவது.

ஸ்டார்ட்டருக்கு வரும் குறிப்புக்கள் இரு வகைப்படும். ஓடச்சொல்லும் குறிப்பு ஒன்று. நிறுத்தச்சொல்லும் குறிப்புக்கள் பல. ஓடச்சொல்வது பச்சைப் பொத்தான். நிறுத்தச்சொல்வன சிவப்புப் பொத்தான், ஓவர்லோடு ரிலே, நீர்மட்ட ரிலே, முனை இழப்புக் காப்பு ரிலே என்பவை. இவற்றின் முடிவாக ஸ்டார்ட்டரிலிருந்து வெளிச்செல்லும் குறிப்பு யாதெனில், காண்டாக்டர்க் காயிலுக்குச் செல்லும் மின்சாரமேயாம். காயில் மின்சாரம் பெற்றால் காண்டாக்டர் இழுத்துப் பிடித்து மோட்டாரை ஓட்டும், இழந்தால் விட்டுவிடும்.

பச்சைப் பொத்தான் சாதாரண நிலையில் திறந்திருப்பது; அழுத்தும்போது மட்டும் மூடும். கையை எடுத்தபின்னும் மோட்டார் ஓடுவதற்காக, காண்டாக்டரின் துணைத் தொடுமுனையொன்றை இப்பொத்தானுக்குப் பக்க இணைப்பாகக் கட்டுவர். மின்சாரம் நின்றால் இப்பிடிப்பு விடுபடும். மீண்டும் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது.

நிறுத்தும் குறிப்புக்களோவெனில், சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாக இருத்தல் வேண்டும். அவையனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காயிலோடு தொடர் இணைப்பில் கட்டுதல் வேண்டும். இதன் காரணம் எளிது. எலி கடித்தோ, திருகு தளர்ந்தோ கம்பி அறுபட்டால் மோட்டார் தானே நின்றுவிடும். திறந்திருக்கும் வகையைக் கட்டினால், கம்பி அறுந்திருப்பது ஆபத்து வேளையில் சிவப்புப் பொத்தானை அழுத்தியபின்னரே தெரியவரும்.

ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் அறிய மூன்று உலோக முனைகளை இறக்குவர். மிக நீண்டது பொதுமுனை, அடுத்தது தாழ்மட்டம், குறுகியது உயர்மட்டம். தாழ்மட்ட முனையை விட்டு நீர் இறங்கினால் மோட்டார் நிற்கும். உயர்மட்டம் எட்டினால் மறுபடி ஓட அனுமதி கிடைக்கும். இம்முனைகளின் கம்பி அறுந்தாலும் ரிலே அதை நீரின்மையாகக் கொண்டு மோட்டாரை நிறுத்தும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் இதே முனைகளைக் கட்டினால், பலன் நேர்மாறாகும். கம்பி அறுந்தால் தொட்டி காலியென்று கருதப்பட்டு, மோட்டார் ஓயாது ஓடி நீர் வழிந்து வீணாகும். ஆகையால் ஆங்கு, தொட்டி நிறைந்ததும் திறக்கும் மிதவை ஸ்விட்சே தக்கது.

மும்முனை மின்சாரத்தில் 415 வோல்ட் காயில் இரண்டு முனைகளுக்கிடையே இணைக்கப்படுகிறது. மூன்றாவது முனை அற்றுப்போனாலும் காண்டாக்டர் விடுவதில்லை. மோட்டார் மிகுந்த கரண்டை இழுத்துக் கருகும். ஆதலால் முனை இழப்புக் காப்பு ரிலே அவசியம். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்த்தகட்டில் கண்ட முழுப்பளுக் கரண்டுக்கே வைத்தல் வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அந்த ரிலே சுருளுக்குச் செல்லும் கம்பியில் இருந்தால், அக்கரண்டில் நூற்றுக்கு 58 பங்கே சரியான அளவு. ரிலே அடிக்கடி விழுகிறதென்று அதனைக் கம்பியால் குறுக்கே இணைத்துவிடுவது, காவற்காரனை அனுப்பிவிட்டுக் களஞ்சியத்தைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

மின்சாரம் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்விட்சைப் பொருத்தியோர், மேலே கூறிய பிடிப்பின் பாதுகாப்பை இழக்கின்றனர். கிணற்றினுள் ஆள் இறங்கியிருக்கையில் மோட்டார் திடீரென ஓடக்கூடும். இறங்குமுன் மெயின் ஸ்விட்சை நிறுத்திப் பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

பொத்தான்களிலும் 415 வோல்ட் இருக்குமாதலால், இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்கம்பியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். வேலை முடிந்தபின், மோட்டார்க் கம்பிகளைக் கழற்றி முனைகளை மூடிவைத்துச் சோதனை செய்யச் சொல்லலாம். மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தும் குறிப்புக் கம்பிகளில் ஒன்றைக் கழற்றி, மறுபடி மின்சாரம் கொடுத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் காண்டாக்டர் இழுக்கலாகாது. ஒவ்வொரு கம்பிக்கும் இவ்வாறே செய்தல் வேண்டும். எக்கம்பியைக் கழற்றியபோது இழுத்ததோ, அக்கம்பியின் இணைப்பே தவறானது. கம்பிகளுக்கு எண்ணிட்டு, இணைப்புப் படத்தைப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தால், பிற்காலத்தில் பழுது பார்ப்பவருக்கும் தவறு நேராது. ஊராட்சிக் குடிநீர்ப் பம்புகளிலும் இச்சோதனை நடைபெறுமாறு கிராம அலுவலர்கள் கவனிப்பார்களாயின், பெருஞ்செலவும் உயிர்ச்சேதமும் தவிர்க்கப்படும்.