பெலிலியோஸ் ரோட்டிலிருந்து தொடங்குங்கள்

தம்பி, தங்கைகளே, யூத வெறுப்புக்கு எதிராகப் பேசவும் பள்ளிகளில் பாடம் எடுக்கவும் முன்வந்திருக்கிறீர்கள். தமிழ்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவது எனக்குப் பெரிய நிறைவு. வகுப்பறையிலும், பிறகு தொகுதியின் நல்லிணக்கக் குழுவிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சில சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. ஐந்தாவதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

1. முதலில் நம் தெருவைத் தெரிந்துகொள்ளுங்கள். “யூதர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்றுதான் முதல் கேள்வி வரும். பதில் சிங்கப்பூரில், நம் தேக்காவிலேயே இருக்கிறது. வீரமாகாளியம்மன் கோவிலை ஒட்டிப் போகும் பெலிலியோஸ் ரோட்டுக்குப் பெயர் தந்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரி. சிராங்கூன் ரோட்டில் மாட்டுத் தொழில் செழித்ததும் நம்மவர் அங்கே திரண்டதற்கு ஒரு காரணம். சிலிகி ரோட்டு முனையில் 1924இல் எழுந்த எலிசன் கட்டடத்தின் முகப்பில் தாவீதின் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. முருகனின் அறுகோணம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஆக்ஸ்லி ரைஸில் மனாசே மேயர் 1905இல் கட்டிய செசெட் எல் ஜெப ஆலயம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878இல் திறந்த மாகேன் அபோத், தென்கிழக்காசியாவில் இன்றும் நிற்கும் ஜெப ஆலயங்களில் மூத்தது. அதே தெருவில்தான் நம் கிருஷ்ணன் கோவிலும் சீனர்களின் குவான் யின் கோவிலும். இங்குள்ள பழைய யூதக் குடும்பங்கள் பல பாக்தாத்திலிருந்து இந்தியா வழியாக வந்தவை. இன்று வெளிநாட்டினரையும் சேர்த்து இங்கே யூதர்கள் சுமார் 2,500 பேர்தான்.

2. டேவிட் மார்ஷலைப் படிக்காமல் மேடை ஏறாதீர்கள். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானவர், பாக்தாத் யூதக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டு வாடகைப் பிரச்சினையிலிருந்து வேலை அனுமதி வரை எதற்கென்றாலும் நாம் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறோமே, அந்த மக்கள் சந்திப்பைத் தொடங்கி வைத்தவர் அவர். அவருடைய அரசு அமைத்த அனைத்துக் கட்சிக் குழுதான் 1956இல் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தச் சொன்னது. தமிழுக்கு இந்த நாட்டில் கிடைத்திருக்கும் இடத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது இந்தப் பெயரையும் சொல்வது நம் கடமை. அவர் 1957இல் தொடங்கிய பாட்டாளிக் கட்சிக்காக 1961இல் ஆன்சன் தொகுதியை வென்றார். 20 ஆண்டு கழித்து அதே தொகுதியை, அதே கட்சிக்காக வென்றவர் ஜெ.பி. ஜெயரத்தினம்.

3. வெறுப்பு நம் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள். தமிழில் அது பெரும்பாலும் “இலுமினாட்டி” என்ற பெயரில் வருகிறது. யூடியூபில் ஒரு தம்பி சினிமாப் பாட்டில் முக்கோணத்தைக் காட்டுவார்; அரை மணி நேரத்தில் உலக வங்கிகள் எல்லாம் யூதர் கையில் என்று முடிப்பார். இலுமினாட்டி 1776இல் பவேரியாவில் தொடங்கி, பத்தாண்டுக்குள் அரசு தடைசெய்து மறைந்துபோன ஒரு சங்கம். உலகை ஆள யூதப் பெரியவர்கள் திட்டமிட்டார்கள் என்னும் “சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்” 1903இல் ரஷ்யாவில் வெளியான போலி ஆவணம். அதன் கணிசமான பகுதி மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் 1864இல் எழுதிய, யூதர்களைப் பற்றியே அல்லாத நூலிலிருந்து திருடியது என்று லண்டன் டைம்ஸ் 1921இல் நிரூபித்தது. நூறாண்டுக்கு முன்பே செத்த பொய் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடமாடுகிறது. மாமா அனுப்பினால் குழுவில் வைத்து அவரை மடக்காதீர்கள். தனியாக ஃபோன் போட்டு, இந்த ஆண்டுகளைச் சொல்லி விளக்குங்கள்.

அடுத்தது வட்டி. “யூதன் ரத்தத்தை உறிஞ்சுபவன்” என்று யாராவது சொன்னால் மார்க்கெட் ஸ்திரீட்டில் நம் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளை நினைவூட்டுங்கள். பர்மாவில் நம் நகரத்தாரைப் பற்றிப் பேசிய பேச்சு இதேதான். 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு, 1938இல் 25. நெல்விலை சரிந்து, கடன் திரும்பாமல், வேண்டாத நிலம் வந்து சேர்ந்த கணக்கு அது. ஆனால் அங்கே பரவிய கதை, திட்டமிட்டு நாட்டையே விழுங்கிய கூட்டம் என்பது. 1960களில் சொத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு தொழிலில் இருந்த சிலரைக் காட்டி ஒரு சாதிசனத்தையே அட்டை என்று பேசினால் அது எங்கே போய் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

4. ஹிட்லர் பெயரைச் செல்லமாகச் சொல்ல விடாதீர்கள். கண்டிப்பான அப்பாவை “எங்க வீட்டு ஹிட்லர்” என்பதும், நம் படங்களுக்கே அந்தப் பெயரை வைப்பதும், சென்னை நடைபாதையில் அவன் புத்தகம் தன்னம்பிக்கை நூல்களோடு கிடப்பதும் நமக்குப் பழகிவிட்டது. 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சி அது. “நேதாஜிக்குக் கைகொடுத்தவன்” என்பார்கள். அந்தப் புத்தகத்திலேயே அவன் இந்திய விடுதலைப் போராளிகளை ஏளனம் செய்து, இந்தியா பிரிட்டிஷார் கையில் இருப்பதே மேல் என்று எழுதியிருக்கிறான். 1943 ஜூலையில் பாடாங்கில் நேதாஜியின் குரலைக் கேட்டு நம் தோட்டத் தொழிலாளர்கள் சிலிர்த்தார்கள். அதே ஆண்டு ஜப்பானியர் இவ்வூர் யூத ஆண்களைச் சாங்கிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதையில் செத்ததும் அந்தக் காலத்தில்தான். மூன்றையும் ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்.

5. காசாவைப் பற்றிய கேள்வி வரும். வரத்தான் வேண்டும். அங்கே சாகும் குழந்தைகளுக்காக அழுவது யூத வெறுப்பு அல்ல. இஸ்ரேல் அரசைக் கண்டிப்பதும் அல்ல. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் கொன்றவர்களுக்காக அழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஓர் அரசு செய்ததற்கு வாட்டர்லூ ஸ்திரீட்டில் சனிக்கிழமை தொழுதுவிட்டு வீடு திரும்பும் ஆளைப் பொறுப்பாக்கும் இடத்தில்தான் வெறுப்பு தொடங்குகிறது. இது வெறும் வாதம் அல்ல. 2021இல் தேசிய சேவையில் இருந்த 20 வயதுப் பையன் ஒருவனை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடித்தார்கள். மாகேன் அபோத்திலிருந்து வெளியே வரும் யூதர்களைக் கத்தியால் குத்தத் திட்டமிட்டிருந்தான். பாலஸ்தீனத்துக்குப் பழிவாங்குவதாக எண்ணியிருந்தான்.

தமிழர்களுக்கு இதை விளக்க ஒரு தேதி போதும். 1983 ஜூலை. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 சிப்பாய்கள் இறந்தார்கள். விலை கொடுத்தது கொழும்பில் கடை வைத்திருந்தவரும், வெள்ளவத்தையில் குடியிருந்த ஆசிரியையும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கலவரக் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடின. நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் யாரோ செய்ததற்குப் பெயரைப் பார்த்துப் பழிதீர்த்ததை நாம் மறக்கவில்லை. அந்த நினைவு உள்ளவன் இன்னொரு சனத்துக்கு அதைச் செய்யக் கூடாது. வேறு எந்தப் பேச்சும் எடுபடாத வீட்டில்கூட இது எடுபடும்.

6. முஸ்லிம்களுக்கு எதிரான வேலையாக இதை மாற்றிவிடாதீர்கள். மாற்றப் பார்ப்பவர்கள் உங்களிடம் நட்பாக வருவார்கள். மேலே சொன்ன பையனுக்குச் சில வாரம் முன்பு பிடிபட்டவன், இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்ட 16 வயது இந்தியச் சிறுவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனை அவன் முன்மாதிரியாக எடுத்திருந்தான். 2024இல் இஸ்ரேல் தூதரகம் குர்ஆனை இழுத்து ஃபேஸ்புக்கில் ஒன்றைப் பதிவிட்டபோது அமைச்சர் சண்முகம் அதை ஏற்கவே முடியாது என்று கண்டித்தார், பதிவு நீக்கப்பட்டது. அது சரியான முடிவு. யூதர்களைக் காப்பதும் முஸ்லிம்களைக் காப்பதும் இங்கே ஒரே வேலை.

7. சட்டத்தைப் படியுங்கள். 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன நல்லிணக்கச் சட்டம், இரண்டையும். பின்னதற்கு 2024இல் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார்கள். அப்போது எழுதியவர்களில் தமிழ் இளைஞர்கள் இன்னும் அதிகம் இருந்திருக்கலாம். அனுமதியில்லாமல் கூட்டம் கூட்டுவது இங்கே நடக்காது. ஆனால் கருத்துக் கேட்பில் இரண்டு பக்கம் தெளிவாக எழுதுவது, மார்ஷல் தொடங்கிய அதே மக்கள் சந்திப்பில் உறுப்பினரிடம் ஒரு குறிப்பைக் கொடுப்பது, தமிழ் முரசுக்குக் கடிதம் எழுதுவது, இவற்றுக்கெல்லாம் வழி திறந்தே இருக்கிறது. வெறுப்புப் பதிவைக் கண்டால் படம் எடுத்துப் போலீசிடம் கொடுங்கள். பகிர்ந்து திட்டாதீர்கள், திட்டுவதற்காகப் பகிர்ந்தாலும் பரவத்தான் செய்யும்.

8. வகுப்பில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2024இல் இஸ்ரேல், ஹமாஸ் போரைப் பற்றிய குடியியல் பாடத்துக்குப் பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. வயதுக்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு மார்ஷலும் பெலிலியோஸ் ரோடும் போதும். உயர்நிலையில் போலி ஆவணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கற்றுக்கொடுங்கள். தொடக்கக்கல்லூரியில் போரைப் பேசலாம். கோபத்தோடு கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். அது அக்கறையுள்ள பிள்ளை.

9. யூதர்களுக்காகப் பேசுமுன் அவர்களோடு பேசுங்கள். சமயங்களுக்கு இடையிலான அமைப்பு 1949 முதல் இங்கே இயங்குகிறது. அதன் பத்துச் சமயங்களில் யூத சமயமும் ஒன்று. மாகேன் அபோத்தைப் பார்க்க நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அங்கே அவ்வளவு காவல் ஏன் என்று ஐந்தாவதில் படித்தீர்கள். இந்த வாரமே எழுதுங்கள். உங்கள் மாணவர்களில் ஒரு நான்கு பேரின் பெயரையும் அந்தக் கடிதத்தில் சேருங்கள்.