சிங்கப்பூர் க்ரூஸ்: 3 ராத்திரியா 4 ராத்திரியா? டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க

இந்த வருஷம் மார்ச் மாசம் என் சித்தி பையன் போன் பண்ணினான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். ரெண்டு பேரும் சென்னையில் ஐடி வேலை. "அக்கா, மே மாசம் சிங்கப்பூர்ல இருந்து க்ரூஸ் போறோம். ஆளுக்கு முப்பதாயிரம்தான். நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுடவா?"

இதுவரை நான் அஞ்சு தடவை கப்பலில் போயிருக்கேன். முதல் தடவை நானும் இப்படித்தான் கிளம்பினேன். அதனால் அவனைத் திட்டவில்லை. "ரெண்டு நாள் பொறு, கொட்டேஷன் ரெண்டையும் அனுப்பு"ன்னு மட்டும் சொன்னேன். அந்த ரெண்டு கொட்டேஷனை வச்சுத்தான் இன்றைய பாடம். எண்களைக் கணக்குக்காக உருண்டையா மாத்தியிருக்கேன். டாலர் 90 ரூபாய்னு வச்சுக்கோங்க.

முதல் கொட்டேஷன்: மே மாச லீவில், வெள்ளிக்கிழமை கிளம்பும் 3 ராத்திரி பயணம், ஜன்னல் இல்லாத உள் அறை, ஆளுக்கு ரூ.30,000. ரெண்டாவது: பிப்ரவரியில் வார நடுவில் கிளம்பும் 4 ராத்திரி, அதே மாதிரி உள் அறை, ஆளுக்கு ரூ.42,000. ரெண்டு பேருக்கு 60,000 எதிர் 84,000. ராத்திரிக் கணக்கில் பார்த்தாலும் 10,000 எதிர் 10,500. முதலாவதுதான் சீப் என்று அவன் முடிவு பண்ணியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கொட்டேஷனின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்கணும். முதல் கொட்டேஷனில் துறைமுகக் கட்டணமும் வரியும் தனி, ஆளுக்கு ரூ.9,000. ரெண்டாவதில் அது விலையிலேயே சேர்ந்திருந்தது. இப்போ ராத்திரிக்கு 13,000 எதிர் 10,500. ஒரே வரியில் ஆட்டம் மாறிடுச்சு. க்ரூஸ் விளம்பரத்தில் "முதல்" என்ற வார்த்தை இருந்தால், அந்த விலையில் எதெல்லாம் சேரலைன்னு முதலில் கேளுங்க. இன்னொன்று, அந்த விலை ஒரு அறையில் ரெண்டு பேர் தங்குவாங்கன்னு வச்சுப் போட்டது. தனியா போறவங்க பெரும்பாலும் ரெண்டு பேர் கட்டணத்தையும் கட்டணும்.

அடுத்து கிராஜுவிட்டி, அதாவது கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். நம்ம ஊர் ஹோட்டல் மாதிரி இஷ்டப்பட்டுக் கொடுப்பதுன்னு நினைச்சுடாதீங்க. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவுன்னு உங்க அறைக் கணக்கில் அதுவே ஏறிடும். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு இது 18.50 டாலர் வரை வந்திருக்கு. ரெண்டு பேர், 3 நாள் என்றால் 111 டாலர், அதாவது ரூ.9,990. நாலு நாளுக்கு 148 டாலர், ரூ.13,320. குழந்தை டிக்கெட் இலவசம்னு சொல்லும் ஆஃபரில்கூட துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் பொதுவா குழந்தைக்கும் உண்டு.

கப்பலுக்கு வெளியே இருக்கும் செலவு

சிஏ படிப்பில் முதலில் சொல்லிக் கொடுக்கும் விஷயங்களில் ஒன்று, நிலையான செலவையும் மாறும் செலவையும் பிரிப்பது. ஃபேக்டரிக்கு வாடகை எப்படியோ, சென்னைக்காரரின் சிங்கப்பூர் க்ரூஸுக்கு விமான டிக்கெட் அப்படி. நீங்க கப்பலில் 2 ராத்திரி இருந்தாலும் 7 ராத்திரி இருந்தாலும் விமானக் கட்டணம், விசா, முதல் நாள் ஹோட்டல், இன்சூரன்ஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கூடுவது கப்பல் கட்டணமும் டிப்ஸும் மட்டும்.

அவன் கணக்கைப் போடுவோம். மே லீவு வாரக்கடைசி என்பதால் போக வர விமானம் ஆளுக்கு 32,000, ரெண்டு பேருக்கு 64,000. ஹோட்டல் 12,000. விசா, ஏஜென்ட் கட்டணம் சேர்த்து 7,000. இன்சூரன்ஸ் 2,000. கப்பல் 60,000, துறைமுகக் கட்டணம் 18,000, டிப்ஸ் 9,990. மொத்தம் ரூ.1,72,990. "ஆளுக்கு முப்பதாயிரம்" என்று அவன் சொன்ன கப்பல் கட்டணம் இதில் மூணில் ஒரு பங்குதான்!

ரெண்டாவது பயணத்துக்கு விமானம் ஆளுக்கு 24,000. கப்பல் 84,000, டிப்ஸ் 13,320, விமானம் 48,000, ஹோட்டல், விசா, இன்சூரன்ஸ் அதே 21,000. மொத்தம் ரூ.1,66,320. ஒரு ராத்திரி கூடுதலா தங்கி, செலவு ஆறாயிரத்துச் சொச்சம் குறைவு. ராத்திரிக்கு 57,663 எதிர் 41,580.

"விமான டிக்கெட்டால்தானே இந்த வித்தியாசம்?"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. சரி, முதல் பயணத்துக்கும் 24,000 டிக்கெட்டே கிடைச்சதுன்னு வச்சுக்குவோம். அப்போ அதன் மொத்தம் 1,56,990. அதாவது அந்த நாலாவது ராத்திரிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து கூடுதலா கொடுப்பது 9,330 ரூபாய். அதில் தங்குவது, மூணு வேளை சாப்பாடு, ஷோ எல்லாம் அடக்கம். சாப்பாடே இல்லாத சிங்கப்பூர் ஹோட்டலுக்கு ஒரு ராத்திரி 12,000 கொடுக்கத் தயாரா இருந்தவன் அவன்.

அதுக்காக 10 ராத்திரி போனால் லாபம்னு கிளம்பிடாதீங்க. ராத்திரிக்கு ஆகும் செலவு குறையும், ஆனால் மொத்த பில் ஏறும். லீவு தீர்ந்துபோய் சம்பளம் பிடித்தால் அதையும் செலவில் சேர்க்கணும்.

இந்தியாவுக்குள்ளேயே போகும் க்ரூஸுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு போகும் கார்டிலியா எம்ப்ரஸ் கப்பலை எடுத்துக்கோங்க. 1990-ல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல். 2021-ல் இங்கே ஓடத் தொடங்கியது, 2022-ல் சென்னைக்கும் வந்தது. விசா இல்லை, சர்வதேச விமானம் இல்லை. நிலையான செலவு குறைவு என்பதால் 2 ராத்திரி போனாலும் நஷ்டம் இல்லை. கப்பல் வாழ்க்கை பிடிக்குமா, வயிற்றைப் புரட்டுமான்னு தெரியாதவங்க அதில் போய்ப் பார்த்துட்டு அப்புறம் சிங்கப்பூரை யோசிக்கலாம். சின்ன, பழைய கப்பல். புதுசா வந்த ராட்சதக் கப்பல்களின் வீடியோவைப் பார்த்துட்டு அதே எதிர்பார்ப்போடு ஏறாதீங்க.

கப்பலையும் கப்பலையும் ஒப்பிடுவது எப்படி

இதில் யூடியூப் டூர் வீடியோவைவிட உதவும் ஒரு எண் இருக்கு. கப்பலின் ஜிடி அளவை, அறைக்கு ரெண்டு பேர் கணக்கில் வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுங்க. ஜிடி என்பது எடை அல்ல, கப்பலின் உள்ளே இருக்கும் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் எண். ஆந்தம் ஆஃப் தி சீஸ் கப்பலுக்கு 1,68,666 ஜிடி, பயணிகள் 4,180. வகுத்தால் சுமார் 40. குயின் மேரி 2-க்கு இதே கணக்கு சுமார் 55 வரும். எண் பெரிசா இருந்தால் ஆளுக்கு இடம் அதிகம், பஃபே வரிசை சின்னது. ஆனால் பள்ளி லீவு சமயத்தில் ஒரே அறையில் மூணு பேர், நாலு பேர் வருவாங்க. அப்போ நிஜ எண் இறங்கிடும். மே, ஜூன், டிசம்பரை நான் தவிர்ப்பதுக்கு விலை மட்டும் காரணம் இல்லை.

அறை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். 3, 4 ராத்திரி பயணத்தில் புதுசா போறவங்களுக்குப் பால்கனி தேவையில்லை. தூங்கவும் குளிக்கவும் தவிர அறையில் இருக்கவே மாட்டீங்க. அந்தப் பணத்தில் இன்னொரு ராத்திரி வாங்குங்க. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனால் மட்டும் பால்கனி எடுங்க. அவங்க கடலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க, அந்தக் காசு வீண் போகாது. ஆட்டம் ஒத்துக்காதவங்க கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்க. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம். காலையில் நாற்காலி இழுக்கிற சத்தத்தில்தான் முழிப்பு வரும்.

கட்டணத்தில் பொதுவா மெயின் டைனிங் ரூம், பஃபே, ஷோ எல்லாம் சேரும். வைஃபை, மது, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஊர் சுற்றிப் பார்ப்பது சேராது. சைவம், ஜெயின் சாப்பாடு வேணும்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க.

நான் கொடுத்த ஃபீஸ்

முதல் பயணத்தில் போனை ரோமிங்கிலேயே விட்டுட்டேன். சிங்கப்பூருக்குப் பேக் போட்டிருக்கோமே என்ற தைரியம். நடுக்கடலில் போன் தானாகவே கப்பலின் சொந்த மொபைல் நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கிச்சு. அது எந்த நாட்டுப் பேக்கிலும் வராது. வாட்ஸ்அப்பில் போட்டோ ஏறிக்கிட்டே இருந்தது. ஊருக்கு வந்து பில்லைப் பார்த்தால் ஒன்பதாயிரத்துக்கு மேல். கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் வாதாடினேன். ஒரு ரூபாய்கூடக் குறைக்கலை. இப்போ கப்பலில் கால் வைக்கும்போதே ஏரோபிளேன் மோட்.

இன்னொரு ஆசை, காலையில் இறங்கும் விமானத்தைப் பிடிச்சு ஹோட்டல் செலவை மிச்சம் பண்ணுவது. செக்-இன் பொதுவா கப்பல் கிளம்ப ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க. விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, பணமும் திரும்பாது. அந்த 12,000 ஹோட்டல் வாடகையை நான் இன்சூரன்ஸ் பிரீமியமாத்தான் பார்க்கிறேன். அதே மாதிரி, கப்பல் திரும்பி வரும்போது அது சிங்கப்பூருக்குள் உங்க ரெண்டாவது என்ட்ரி. விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பார்த்துட்டுத்தான் பணம் கட்டணும். பாஸ்போர்ட்டில் ஆறு மாசம் பாக்கி இருக்கணும்.

கப்பலில் கார்டு தேய்த்தால் பல வங்கிகளில் 3.5% மார்க்கப், அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. "ரூபாயில் போடட்டுமா?"ன்னு மெஷின் கேட்டால் வேண்டாம்னு சொல்லுங்க. அந்த ரேட் பெரும்பாலும் இன்னும் மோசம்.

டிசிஎஸ்: போன பணம் இல்லை, ஆனால் பான் முக்கியம்

இந்திய ஏஜென்டிடம் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025-26 நிதியாண்டில் வருஷத்துக்கு 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல் போன தொகைக்கு 20% இருந்தது. அந்தக் கணக்கில் 84,000-க்கு 4,200. இது செலவு இல்லை, உங்க பெயரில் அரசாங்கத்திடம் இருக்கும் முன்பணம். உங்க வரிக் கணக்கில் தெரியும். ரிட்டர்னில் கிளெய்ம் பண்ணலாம். சம்பளக்காரங்களுக்கு அதைவிட சீக்கிரமான வழி ஒண்ணு 2024 அக்டோபரில் வந்தது. டிசிஎஸ் விவரத்தை அதுக்கான ஃபார்மில் எழுதி ஆபீஸில் கொடுத்தால், அந்த அளவு உங்க சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸைக் குறைப்பாங்க. ஏஜென்டின் டேன் நம்பர் வேணும், பில் வாங்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க.

நண்பர்கள் ஆறு பேர் போறீங்க, ஒருத்தர் எல்லாருக்கும் புக் பண்றார். அவர் பான் மட்டும் கொடுத்தால் ஆறு பேர் டிசிஎஸ்ஸும் அவர் கணக்கில்தான் போகும். அப்புறம் பார்ட்டியில் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். ஆளாளுக்குத் தனி பில் வாங்குங்க. எல்டிஏ-வில் இதைக் காட்டலாமான்னு கேட்கிறவங்களுக்கு: வெளிநாட்டுப் பயணத்துக்கு எல்டிஏ விலக்கு கிடையாது. நியூ ரெஜிமில் இருந்தால் எந்தப் பயணத்துக்குமே கிடையாது.

பணம் எப்போ தேவைப்படும்?

நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். பிப்ரவரியில் பயணம் என்றால் பிப்ரவரிக்குள் சேர்த்தால் போதும்னு நினைக்கிறோம். பெரும்பாலான கப்பல் கம்பெனிகளில் முழுப் பணமும் 75 முதல் 90 நாள் முன்னாடியே கட்டணும். அந்தத் தேதி தாண்டிய பிறகு கேன்சல் பண்ணினால் பிடித்தம் படிப்படியா ஏறி, கடைசி நாட்களில் ஒண்ணும் திரும்பாது. கேன்சலேஷன் அட்டவணை கையில் வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீங்க.

அவனுக்கு நவம்பருக்குள் வேண்டியது கப்பல் 84,000, டிசிஎஸ் 4,200, விமானம் 48,000, ஆக 1,36,200. மீதி 34,320-ம் கைச்செலவுக்கு 20,000-மும் பிப்ரவரிக்குள் போதும். ஏப்ரலில் இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து மாசம் 18,000 போட்டால் நவம்பரில் 1,44,000, பிப்ரவரியில் 1,98,000. இஎம்ஐ வேண்டியதில்லை, எமர்ஜென்சி ஃபண்டிலும் கை வைக்க வேண்டியதில்லை. நோ காஸ்ட் இஎம்ஐ-யில் பிராசசிங் கட்டணமும், வட்டி மேல் ஜிஎஸ்டியும் எட்டிப் பார்க்கும். ஒரே தவணையில் கட்டினால் கிடைக்கும் டிஸ்கவுன்ட்டும் போயிடும்.

ஆர்டி ஏப்ரல் 5-ம் தேதி ஆரம்பிச்சாச்சு. ஆகஸ்டில் அட்வான்ஸ் கட்டிட்டான். உள் அறைதான். பால்கனி ஏன் எடுக்கலைன்னு அவன் மனைவி என்னிடம் நேரடியாவே கேட்டாங்க. நாலாவது ராத்திரியின் கணக்கை அனுப்பி வச்சேன். இன்னும் பதில் வரலை.