கொடைக்கானலில் தனியாக ஒரு வாரமா?

புதுச்சேரியின் மார்கழிக் குளிரை வைத்து மூட்டை கட்டாதீர்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல் இதுதான் நடைமுறை. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. சின்ன குக்கர் ஒன்று கையோடு இருக்கட்டும். தேங்காய் எண்ணெயை வாயகன்ற டப்பாவில் கொண்டுபோனால், உறைந்தாலும் வழித்தெடுக்கலாம்.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தனியாக இருப்பவரைத் தட்டி எழுப்பவும் ஆளில்லை. வெந்நீர்ப் பையும் கம்பளிக் காலுறையும் போதும். தங்குமிடத்துக் காவலாளியிடம் தினமும் ஒருமுறை முகம் காட்டுங்கள்.

'குளிருக்கு' என்று நம்மூர் மது பாட்டில் மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியிலேயே பயணம் முடிந்துவிடும்!